பணிக்கரின் பள்ளி: சென்னை நவீன ஓவியமும் கைத்தொழிலும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்திய ஓவியத்தின் போக்கை மாற்றியவர்களுள் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) முதல் வரிசையில் வைக்கப்படுபவர். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை ஒருபுறமும், சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் மறுபுறமுமாக அவருடைய சாதனைகள் பொதுவாகத் தனித்தனியே பேசப்பட்டு வருகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் செய்த ஆசிரியப் பணி நிற்கிறது என்பதும், ஓவியம் பயின்றவன் எதை வரைவது என்ற கேள்வியும் அவன் எதைக் கொண்டு உயிர் வாழ்வது என்ற கேள்வியும் அவருக்கு ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகவே இருந்தன என்பதும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அக்கேள்விக்கு அவர் கண்ட விடை, அவர் பயின்று, பயிற்றுவித்து, தலைமையேற்ற பள்ளியின் பழைய வரலாற்றிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே பணிக்கரைப் பற்றிப் பேசுமுன் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

சென்னை ஓவியப் பள்ளியை 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியில் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அதனுடன் தொழிற்பள்ளி ஒன்றும் சேர்ந்தது. 1855இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் 1854இலும் பம்பாயில் 1857இலும் தோன்றிய பள்ளிகளுக்கு முந்தியது இது. எனினும் அங்கு ஓவியர்களை உருவாக்கும் எண்ணம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பின் இந்தியக் கைவினைப் பொருள்களின் அலங்கார வடிவங்கள் மீது ஐரோப்பாவில் பெரும் நாட்டம் எழுந்திருந்த காலம் அது. மண்பாண்டம், சுடுமண் ஓடு, மரச்செதுக்கு, உலோக வேலை ஆகியவற்றில் தேர்ந்த கைவினைஞர்களைத் திருத்திய முறையில் பயிற்றுவித்து, அவர்கள் செய்யும் பொருள்களுக்குச் சந்தை தேடுவதே பள்ளியின் நோக்கமாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஸ்ஹோம், பின்னாளில் கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூருடன் இணைந்து வங்காள ஓவிய மறுமலர்ச்சிக்கு வித்திட்ட ஈ. பி. ஹாவெல் ஆகியோர் அடுத்தடுத்து அதன் கண்காணிப்பாளர்களாக இருந்தனர். ஹாவெல் 1884 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்குப் பணியாற்றி, மாகாணம் முழுவதும் சுற்றி நெசவு, மரவேலை, உலோக வேலை ஆகியவற்றின் நிலையை ஆராய்ந்தார். 1890களின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதே பள்ளியின் பட்டறைகளில் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அந்த முயற்சி சில ஆண்டுகளிலேயே தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பக்கத்தில் அலுமினியம் வந்து அமர்ந்த வரலாற்றில் ஓர் ஓவியப் பள்ளிக்கும் பங்கு உண்டு என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

இந்தத் தொழிற்பள்ளித் தன்மையை உடைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவனீந்திரநாத்தின் மாணவரான அவர், 1929இல் இப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. மல்யுத்தத்திலும் வேட்டையிலும் புல்லாங்குழலிலும் ஈடுபாடு கொண்டிருந்த அம்மனிதர், ஓவியத்தையும் சிற்பத்தையும் கைத்தொழிலின் துணைப்பாடம் என்ற நிலையிலிருந்து உயர்த்தி, தனக்கென உணர்வும் கருத்தும் உடைய கலைஞனின் வேலையாக நிறுவினார். உயிருள்ள மனிதரை முன்னால் நிறுத்தி, உடலின் அமைப்பையும் அசைவையும் பார்த்து வரையும் பயிற்சியை அவர் வலியுறுத்தினார். மெரீனா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பார்ப்பவர்க்கு அவருடைய கொள்கை எளிதில் விளங்கும்: தசையும் எலும்பும் பிசகாத உடல், அந்த உடலின் வழியே வெளிப்படும் பெருமுயற்சி. சிதைந்த வடிவங்களிலும் ஐரோப்பிய நவீனப் பாணிகளிலும் அவருக்கு நாட்டமில்லை. ஆனந்த விகடனில் கோயில்களையும் சிற்பங்களையும் நுணுக்கமாக வரைந்து தமிழ் வாசகர்களிடையே பெரும்புகழ் பெற்ற சில்பி, சிற்பி எஸ். தனபால் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். ஒரே ஆசிரியரிடமிருந்து இத்தனை வேறுபட்டவர்கள் புறப்பட்டார்கள் என்பது அவர் தம் பாணியை மாணவர்கள் மேல் திணிக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது. பணிக்கரும் அந்த வகுப்பறையிலிருந்து வந்தவரே.

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தார்; குடும்பம் மலபாரில் பொன்னானிக்கு அருகிலுள்ள வெளியங்கோட்டைச் சேர்ந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்ததால், படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்கு வருவது அந்நாளைய மலையாள இளைஞர்களுக்கு இயல்பான வழியாக இருந்தது. தென்னையும் வாய்க்காலும் வயலும் நிறைந்த ஊர்க்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டுவதில் சிறுவயதிலேயே தேர்ச்சி பெற்றிருந்த பணிக்கர், பதின்பருவத்திலேயே சென்னையின் ஆண்டுக் கண்காட்சிகளில் தம் படங்களை வைத்தவர். எனினும் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அவருக்கு உடனே அமையவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற பின் தந்தித் துறையிலும், பின்னர் ஆயுள் காப்பீட்டுத் தொழிலிலும் அவர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. 1936இல், இருபத்தைந்தாவது வயதில், அவர் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1940இல் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். அலுவலகத்தில் பகலைக் கழித்துவிட்டு எஞ்சிய நேரத்தில் வரைவது எத்தகைய வாழ்க்கை என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதைப் பிற்காலச் செயல்களுக்கு விளக்கமாக இங்கே மனத்தில் கொள்ளலாம்.

1944இல் அவர் முன்னின்று நிறுவிய முற்போக்கு ஓவியர் சங்கம், பள்ளியின் சுவர்களுக்கு வெளியே நடந்த இரண்டாவது பள்ளி எனலாம். பம்பாயில் எஃப். என். சூசா, எம். எஃப். ஹுசேன் முதலானோர் 1947இல் இதே போன்ற பெயரில் அமைத்த குழுவுக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது இது. பம்பாய்க் குழு சில ஆண்டுகளில் கலைந்தது. அதன் முக்கிய உறுப்பினர்கள் லண்டனுக்கும் பாரிசுக்கும் நியூயார்க்குக்கும் பிரிந்து சென்றனர். சென்னைச் சங்கமோ ஓவியப் பள்ளியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் உறுப்பினராகக் கொண்டிருந்ததால், ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து சேர, நீண்ட காலம் நீடித்தது. அது பிற நகரங்களுக்குக் கண்காட்சிகளைக் கொண்டு சென்றது. 1960களில் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்னும் ஆங்கில இதழையும் நடத்தியது. தென்னாட்டு ஓவியத்தைப் பற்றி எழுதுவோர் அரிதாக இருந்த காலத்தில் ஓவியர்களே தங்களைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

பணிக்கரின் சொந்த ஓவியம் இக்காலத்தில் பல திருப்பங்களைக் கண்டது. நீர்வண்ண நிலக்காட்சிகளிலிருந்து அவர் மனித உருவங்களுக்குத் திரும்பினார். 1950களின் தொடக்கத்தில் அவர் வரைந்த ‘சமாதானம் செய்பவர்கள் பேறுபெற்றோர்’, ‘லும்பினி’ போன்ற படங்களில் அஜந்தா ஓவியங்களின் வளைந்தோடும் கோடும், சமயம் சார்ந்த பெருங்கருணையும் மேலோங்கின. 1954இல் அவர் தம் படங்களுடன் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சென்று, ஐரோப்பிய நவீன ஓவியங்களை அச்சுப்படிகளின் துணையின்றி நேரில் பார்த்தார். திரும்பி வந்து அவர் தீட்டிய ‘தோட்டம்’ வரிசையில் வான்கோவின் தடித்த தூரிகை வீச்சும் கோகெனின் வண்ணத் தளங்களும் வெளிப்படையாகவே தெரிகின்றன. கண்ணுக்கு இன்பம் தருவதில் அவருடைய படைப்புகளுள் இவற்றுக்கு இணையானவை குறைவு. ஆனால் இந்தப் பயணம் அவரிடம் எழுப்பிய ஐயம், அவற்றின் இன்பத்தைவிட வலிமையானதாக இருந்தது. ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிரிக்கச் சிற்பத்திலிருந்தும் ஜப்பானிய அச்சுப்படங்களிலிருந்தும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு நவீனத்தை உருவாக்கியிருக்க, இந்திய ஓவியன் அந்த விளைபொருளை மட்டும் கடன் வாங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு காலத்துக்குத் தகும் என்பதே அந்த ஐயம்.

1957இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் முதல்வரானார். 1967 வரை அப்பதவியில் இருந்தார். இந்தப் பத்தாண்டுகளே சென்னைக் கலை இயக்கம் என்று இன்று அழைக்கப்படும் போக்கின் கருவறைக் காலம். அவரோடு பணியாற்றிய தனபால், எல். முனுசாமி, ஏ. பி. சந்தானராஜ் ஆகியோரைச் சேர்த்துக் கொள்ளாமல் அக்காலத்தைப் பணிக்கர் ஒருவருடையதாக மட்டும் எழுதுவது முறையாகாது. உருவ வரைவின் அடிப்படைப் பயிற்சியை அவர்கள் கைவிடவில்லை. ஆனால் அதுவே முடிவு என்ற நிலை மாறியது. ஒளியும் நிழலும் கொண்டு உருவத்துக்குத் திரட்சி காட்டும் ஐரோப்பிய முறைக்கு மாற்றாக, கோட்டினாலேயே உருவத்தை எழுப்பும் முறை முதன்மை பெற்றது. கோலம், சுவரோவியம், தோல்பாவை, கோயில் மரச்சிற்பம், செப்புத்திருமேனி ஆகிய எல்லாவற்றிலும் கோடே உயிர் என்பதை மாணவர்கள் அறிய, மாமல்லபுரமும் எழும்பூர் அருங்காட்சியகமும் அருகிலேயே இருந்தன. மாணவனின் இயல்பான போக்கைக் கண்டு, அதில் அவனை விட்டுவிடுவது பணிக்கரின் வழி. கே. ராமானுஜம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு: பிறருடன் பேசிப் பழகுவதில் இடர்ப்பட்ட அந்த இளைஞர், பாம்புகளும் கோபுரங்களும் கனவு மாளிகைகளும் தொப்பியணிந்த தம் உருவமும் நெருங்கிப் பின்னிய மையோவியங்களை வரைந்தார். பாடத்திட்டத்தின் அளவுகோலால் அளந்திருந்தால் அவருக்கு அங்கு இடம் இருந்திருக்காது. 1973இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார். இன்று அவர் சென்னை இயக்கத்தின் மிகத் தனித்துவமான ஓவியர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பணிக்கர் 1963இல் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், அட்டவணைகள், மீன், பாம்பு, பறவை போன்ற சிற்றுருவங்கள், இவற்றைச் சூழ்ந்து நெருக்கமாக எழுதப்பட்ட மலையாள எழுத்தை ஒத்த வரிகள் ஆகியவை படத்தின் பரப்பு முழுவதையும் நிரப்புகின்றன. அவ்வரிகளைப் படிக்க முயல்பவர் ஏமாறுவார். அவை பொருள் தரும் வாசகங்கள் அல்ல. ஓலைச்சுவடியிலோ ஜாதகக் குறிப்பிலோ எழுத்து, பொருளைச் சொல்வதோடு கண்ணுக்கு ஒரு வடிவமாகவும் இருக்கிறது. பொருளை நீக்கிவிட்டால் எஞ்சும் அந்த வடிவமே ஓவியத்துக்கு உரியது என்று அவர் கருதினார் எனலாம். முன்புறம், பின்புறம், தொலைவு என்ற ஐரோப்பிய இடவமைப்பு இப்படங்களில் இல்லை. பக்கத்தைப் போல எல்லாம் ஒரே தளத்தில் அடுக்கப்பட்டுள்ளன. அஜித் முகர்ஜியின் தாந்திரிகக் கலை பற்றிய நூல் 1966இல் வெளிவந்து, மேலைநாடுகளில் அத்தகைய வடிவங்களுக்கு மோகம் பிறந்த பிறகு, பணிக்கரின் படங்களும் அந்த வகையில் சேர்த்துப் பேசப்பட்டன. ஆனால் கால வரிசையில் அவருடைய முயற்சி முந்தியது. அவருடைய குறியீடுகளுக்கு வழிபாட்டுப் பொருளும் இல்லை. வரிசையின் எல்லாப் படங்களும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்; சிலவற்றில் கட்டமும் எழுத்தும் தேடலின் விளைவாக நிற்கின்றன, வேறு சிலவற்றில் அவை பழகிப்போன கையெழுத்தாகிவிடுகின்றன. பின்பற்றியவர்களிடம் இந்த இரண்டாவது நிலையே மிகுதி.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு அழகியலைவிட அவசரமான வேறொரு சிக்கல் இருந்தது. 1950களிலும் 1960களிலும் சென்னையில் நவீன ஓவியத்தை வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஓவியங்களை நிலையாக விற்றுத் தரும் கூடங்கள் இல்லை. பட்டயம் பெற்று வெளியேறிய இளைஞனுக்குப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, சினிமா பேனர் எழுதும் கூடம், விளம்பர நிறுவனம், நெசவு வடிவமைப்பு ஆகியவையே திறந்திருந்த கதவுகள். எம். ரெட்டப்ப நாயுடு, கே. எம். ஆதிமூலம் போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியது இத்தகைய சூழலில்தான். மிகத் திறமையான மாணவர்களே படிப்பு முடிந்ததும் வரைவதை நிறுத்திவிடுவதைப் பணிக்கர் ஆண்டுதோறும் கண்டார். பல ஆண்டுகள் செலவிட்டு ஓவியனாக்கி, வெளியே அனுப்பி, ஓவியத்தை மறக்கச் செய்யும் ஒரு பள்ளியின் தலைவராக அவர் இருந்தார் என்று இதைக் கடுமையாகவும் சொல்லலாம்.

பள்ளியின் பழைய கைத்தொழில் மரபு இங்கேதான் அவருக்குக் கைகொடுத்தது. கலைஞர்கள் சேர்ந்து கைவினைப் பொருள்களைச் செய்து விற்பதற்கென 1960களின் முற்பாதியில் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் பத்திக் துணி, தோல் வேலை, செப்புத் தகட்டு வேலை, சுடுமண் பொருள் ஆகியவற்றைச் செய்தனர். பத்திக் என்பது ஜாவாவில் பெருவளர்ச்சி பெற்ற சாயமுறை. உருக்கிய மெழுகால் துணியில் வடிவம் வரைந்து சாயத்தில் தோய்த்தால் மெழுகு படிந்த இடம் சாயத்தை ஏற்காது, பின்னர் மெழுகை நீக்கினால் வடிவம் வெளிப்படும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து உண்டாகும் நரம்பு போன்ற கோடுகளே இதன் அழகு. கோட்டில் தேர்ந்த ஓவியனுக்கு இது எளிதில் வசப்பட்டது; ஓவியத்தை வாங்கத் தயங்கிய நகரத்தார் பத்திக் துணியைத் தயங்காமல் வாங்கினர். இவ்வகையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சவுக்கும் மணலுமாகக் கிடந்த ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அரசு மானியமோ செல்வந்தரின் கொடையோ அதன் அடித்தளம் அன்று. உறுப்பினர்கள் தம் கையால் ஈட்டியதே. தொடக்கத்தில் மின்சாரம்கூட இல்லாத அவ்விடத்தில், நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் எஞ்சியதைத் தம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒதுக்கி அவர்கள் வாழ்ந்தனர். விற்பனையில் ஒரு பகுதி பொதுத் தேவைக்குச் சென்றது.

ஹண்டரின் பள்ளியில் கைத்தொழிலே குறிக்கோள், வரைதல் அதற்குத் துணை. ராய் சௌத்ரியின் காலத்தில் ஓவியம் உயர்ந்து கைத்தொழில் பின்னறைக்குப் போயிற்று. பணிக்கரோ கைத்தொழிலை மீண்டும் முன்கூடத்துக்கு அழைத்து வந்து, ஓவியனின் விடுதலைக்கு அதைக் காவலாக வைத்தார். வாங்குபவனின் விருப்பத்துக்கு ஏற்பப் பத்திக் செய்யலாம், அதனாலேயே ஓவியத்தை எவர் விருப்பத்துக்கும் ஏற்பச் செய்ய வேண்டியதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள். ஆயினும் கைவினை வெறும் வயிற்றுப்பாட்டோடு நின்றுவிடவில்லை. அது கலைக்குள்ளும் நுழைந்தது. பி. வி. ஜானகிராம் தகட்டை அடித்து உருவாக்கிய சிற்பங்கள், கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் உலோகக் கவசத்தைப் போல முன்பக்கம் மட்டும் கொண்டவை. எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்கும் ஐரோப்பியச் சிற்பத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி அக்காலத்தில் வேறில்லை. பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து இதே முன்பக்க மரபை மேலும் செழுமைப்படுத்தினார். எஸ். ஜி. வாசுதேவ், ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, கே. வி. ஹரிதாசன், வி. விஸ்வநாதன் எனச் சோழமண்டலத்தோடு தொடர்புடையவர்களின் பட்டியல் கன்னடம், தெலுங்கு, மலையாளம், தமிழ் ஆகிய மொழிகளின் நிலம் முழுவதிலிருந்தும் வந்தவர்களைக் கொண்டது. மாகாணம் மொழிவாரியாகப் பிரிந்த பின்னும் பழைய மாகாணத்தின் பரப்பு அந்த மணல்மேட்டில் எஞ்சியிருந்தது.

இந்த இயக்கம் தமிழ் அறிவுலகத்தோடு கொண்ட உறவு சிறிதாயினும் கவனிக்கத்தக்கது. வார இதழ்களின் வாசகர்கள் சில்பியையும் கோபுலுவையும் அறிந்த அளவுக்குப் பணிக்கரை அறியவில்லை. ஆனால் 1960களின் இறுதி முதல் ‘நடை’, ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்கள் ஆதிமூலம் முதலிய ஓவியர்களின் கோடுகளைத் தம் பக்கங்களில் தாங்கி வந்தன. புதுக்கவிதையும் நவீன ஓவியமும் ஒன்றையொன்று கண்டுகொண்ட இடம் அது. பின்னாளில் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்கள் வழியே அந்தக் கோடு பெருந்திரளான வாசகர்களையும் எட்டியது. நூலட்டை வடிவமைப்பில் அவர் உண்டாக்கிய மாற்றம் தனி ஆய்வுக்குரியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. இயக்கத்தின் வரலாற்றில் பெண்களின் பெயர்கள் மிகச் சிலவே. சோழமண்டலத்தில் வாழ்ந்த அர்னவாஸ், சென்னையில் பயின்று 1969இல் இளமையிலேயே மறைந்த டி. கே. பத்மினி ஆகியோர் அச்சிலருள் குறிப்பிடத்தக்கவர்கள். இந்தியத் தன்மையைத் தேடும் முயற்சி, சிலருடைய கையில், பாம்பையும் யந்திரத்தையும் தெய்வ உருவையும் சேர்த்துக்கொண்டால் போதும் என்ற எளிய வாய்பாடாகத் தேய்ந்ததும் உண்மை. அக்காலத்துச் சென்னையின் தெருக்களில் நிகழ்ந்துகொண்டிருந்த பெரும் அரசியல் மாற்றங்கள் இந்த ஓவியங்களில் ஏறக்குறையத் தடமே பதிக்கவில்லை என்பது, அவற்றின் அழகைக் குறைக்காவிட்டாலும், கேட்கப்பட வேண்டிய கேள்வியாக நிற்கிறது.

பணிக்கர் 1977 சனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுப்பு ஒன்று திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே அமைந்த கூடத்தில் உள்ளது. ஓவியச் சந்தை வளர்ந்து படங்களே விலைபோகத் தொடங்கியதும் சோழமண்டலத்தின் கைவினை வேலை படிப்படியாகக் குறைந்தது. சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கென ஓர் அருங்காட்சியகம் 2009இல் அங்கு திறக்கப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள பழைய வளாகத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி தொடர்ந்து இயங்குகிறது. தனபால், முனுசாமி, சந்தானராஜ், ஆர். பி. பாஸ்கரன் என அதன் பிற்கால முதல்வர்கள் பலரும் அங்கேயே மாணவர்களாக இருந்தவர்கள். ஓவியம், சிற்பம், அச்சுப்பதிவு ஆகியவற்றோடு நெசவு வடிவமைப்பும் சுடுமண் வடிவமைப்பும் இன்று அங்கு பட்டப்படிப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன.